டிஸ்சார்ஜ் எழுதியாச்சு

டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டுப் போய்விட்டார், எழுதினதோடு சரி, சாயங்காலத்துக்கு முன்னால் ஆளை விடமாட்டார்கள், இன்சூரன்ஸ்காரன் சம்மதிக்க வேண்டும், மிச்ச மருந்தை பார்மஸியில் திருப்ப வேண்டும், பில்லில் சீல் விழ வேண்டும் என்று பக்கத்துக் கட்டில் பேச்சி அக்கா விவரம் சொல்கிறாள். அவள் புருஷனுக்குக் கிட்னியில் கல், வருஷம் தப்பாமல் இங்கே வந்து படுக்கிறவர், அதனால் இந்த ஆஸ்பத்திரியின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "நம்ம அவசரத்துக்கு இங்க ஒண்ணும் நடக்காது டீச்சர், கால நீட்டி உக்காருங்க" என்கிறாள். எனக்கு அவசரமே இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன். மெதுவாகவே வரட்டும். நாளைக்குத்தான் வரட்டும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகட்டும், சீல் போடுகிறவர் லீவு போடட்டும். ஆஸ்பத்திரியை விட்டுப் போகக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஜீவன் இந்தக் கட்டிடத்தில் நானாகத்தான் இருப்பேன். எங்கள் கட்டிலில் அவர் சட்டை போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நேற்றுவரை ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கியில் என் நோயாளியாக இருந்தவர், சட்டையை மாட்டியதும் தூத்துக்குடிக்காரர் ஆகிவிட்டார். அந்தச் சட்டையை நான் பார்த்ததில்லை. கட்டம் போட்ட சட்டை அவருக்குப் பொருந்தாது, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் தனியாகக் கடைக்குப் போய் எடுத்திருப்பார். அவர் என் புருஷன். மனதுக்குள் இப்படிச் சொல்லிப் பார்க்கும்போதே ஏதோ பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது, பொய் இல்லை, ஊரறியத் தாலி கட்டினவர், பேர் அய்யாத்துரை, தூத்துக்குடியில் தனியாக இருக்கிறார், நான் இதே பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் அவர் தூத்துக்குடிக்குப் போவாரா, இங்கிருந்து ஆட்டோவில் ஏறினால் சட்டென்று வந்துவிடுகிற என் வீட்டுக்கு வருவாரா என்பதுதான் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடுகிற ஒரே கேள்வி. அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மடியில் நாளைய பாடம் கிடக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நர்ஸ் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், வெளிநாட்டு வேலைக்காக இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள். சொற்கள் எப்போதும் ஜோடி சேர்ந்துதான் வரும், எது எதோடு சேரும் என்று மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள், இதுதான் நான் முதல் நாள் சொல்கிறது. மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். ஹெவி விண்ட் என்று சொன்னால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது, ஆனால் வாயைத் திறந்ததுமே நீ அசலூர்க்காரி என்று தெரிந்துவிடும். நம்மிடம் மட்டும் இல்லையா, சோறு பொங்குகிறோம், குழம்பு வைக்கிறோம், இட்லி அவிக்கிறோம், தோசை சுடுகிறோம். தோசை அவித்தேன் என்று ஒருத்தி சொன்னால் சிரிக்கமாட்டோமா. பிள்ளைகள் கெக்கேபிக்கே என்று சிரிக்கும், அதற்கப்புறம் மறக்காது. நாளைக்கு எடுத்துக்கொண்ட சொல் டிஸ்சார்ஜ். பேப்பருக்கு நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமாகப் பிரித்திருக்கிறேன். இடது பக்கம் உடம்பிலிருந்து வடிகிற டிஸ்சார்ஜ், அதோடு சேருகிறவை: யெல்லோ, கிளியர், திக், ஸ்மெல் அடிக்கிறதுக்கு ஃபவுல். வலது பக்கம் ஆள் வீட்டுக்குப் போகிற டிஸ்சார்ஜ்: எர்லி, டிலேய்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, டிஸ்சார்ஜ் அட்வைஸ், டாக்டர் பேச்சை மீறிப் போகிறதற்கு ஒன்று. நர்ஸ் பிள்ளைகளுக்கு இதில் ஒரு குழப்பமும் வராது, நாள் முழுக்க இரண்டையும்தான் பார்க்கிறார்கள். வார்டு ஜெனிட்டா சிஸ்டர் பி.பி. பார்க்க வந்தவள் எட்டிப் பார்த்து, "டீச்சர், எனக்கும் ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்றாள், பிறகு அவருடைய சட்டையைத் தூக்கி, குழாய் எடுத்த இடத்தின் கட்டைப் பார்த்து, "டிஸ்சார்ஜ் சுத்தமா நின்னுட்டு, சூப்பர்" என்றாள். எனக்கு அது சூப்பராக இல்லை. வயிற்றிலிருந்து ஒரு குழாயும் அது போய் முடிகிற ஒரு பையும் இத்தனை நாளும் எனக்குக் காவல் இருந்தன. வடிகிறது நின்றால்தான் வீட்டுக்கு என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். தினமும் விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் குனிந்து அந்தப் பையைத்தான் பார்ப்பேன், பேச்சி அக்கா அதைப் பார்த்து, "எம்மா, என்ன அக்கறை" என்று மெச்சுவாள். அக்கறைதான். கொஞ்சமாவது இருக்கிறதா என்கிற அக்கறை. சீக்காளிக்குப் புண் ஆறக்கூடாது என்று நினைத்த மகராசி நான், சாமி கேட்டால் என்ன பதில் சொல்வேன். ஆனால் அவருக்கு வலி கூட வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை, வலி இல்லாமல் சும்மா கொஞ்சம் வடிந்தால் போதும் என்றுதான்.

குடல்வால் வெடித்துவிட்டது. அந்த வலியோடு தூத்துக்குடியில் தனியாகக் கிடந்து வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார், கதவு திறக்கவில்லையே என்று மாடி வீட்டுக்காரர் தட்டிப் பார்த்து, இவருடைய அக்கா புருஷன் வேலாண்டி அண்ணாச்சிக்குச் சொல்லி, அண்ணாச்சி காரில் தூக்கிப் போட்டு இங்கே கொண்டுவந்தார். கொண்டுவந்து எனக்கு போன் பண்ணினார். "தங்கச்சி, ஆப்பரேஷனுக்கு வீட்டு ஆள் கையெழுத்து கேக்காங்க, நீ கொஞ்சம் வாரியாம்மா?" வேறு எதற்கும் யாரும் கூப்பிடவில்லை, கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். வீட்டு ஆள். அந்த மாடி வீட்டுக்காரர் அன்றைக்கு வெளியூர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், அடுத்த தடவை யார் தட்டுவார்கள், தட்டுகிறவருக்கு என்னைத் தெரியுமா, செய்தி எனக்கு எப்போது வரும், எல்லாம் முடிந்த பிறகு சொந்தக்காரர்களில் கடைசி ஆளாக எனக்குச் சொல்வார்களா. நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. சண்டை போட்டிருந்தால் பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, இவரைக் கொஞ்சம் திட்டி, என்னைக் கொஞ்சம் திட்டிச் சேர்த்துவைத்திருப்பார்கள். அவருக்கு ஹார்பர் பக்கத்தில் கிளியரிங் ஆபீசில் வேலை, எனக்கு இங்கே பள்ளிக்கூடம், சனி ஞாயிறு அவர் வருவார், இல்லையென்றால் நான் போவேன். பிறகு அவர் அம்மா படுத்துவிட்டார்கள், அவரால் வரமுடியவில்லை, எனக்குப் பப்ளிக் எக்ஸாம் டியூட்டி, பேப்பர் திருத்தல். அத்தை போன பிறகு அவரும் வரலாம், நானும் போகலாம் என்று ஆனபோது, யார் முதலில் என்று ஆகிவிட்டது. ஒரு பொங்கலுக்கு அவர் வருவார் என்று நான் இங்கே கரும்பு வாங்கிவைத்துக் காத்திருந்தேன், நான் வருவேன் என்று அவர் அங்கே காத்திருந்தாரோ என்னவோ, அதை நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. அதற்கப்புறம் கல்யாண வீடுகளில், சாவு விழுந்த துஷ்டி வீடுகளில் பார்த்துக்கொள்வோம். "நல்லாயிருக்கியா", "இருக்கேன்". பிள்ளை குட்டி இருந்திருந்தால் அதைச் சாக்கு வைத்தாவது வந்து போயிருப்போம். ஒருவருக்கும் தெரியாமல் பால் திரிகிற மாதிரி திரிந்துபோயிற்று, அடுப்பில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே வந்த பிறகு எல்லாம் தலைகீழ். ஆஸ்பத்திரியில் ரோஷம் பார்க்க இடம் இல்லை. குழாய்ப் பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்துவேன், நடந்தால்தான் குடல் வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணத்தன்றுகூட நாங்கள் அப்படிச் சேர்ந்து நடக்கவில்லை, அன்றைக்கு அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார், என் கையைப் பிடித்திருந்தது அவருடைய அக்காதான். "எப்பா, ஜோடி போட்டு நடக்கத பாரு" என்று பேச்சி அக்கா கேலி பண்ணினால் அவர் காதெல்லாம் சிவந்துபோகும், ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. சாப்பிடலாம் என்று சொன்ன அன்றைக்கு கேன்டீன் இட்லியைப் பிட்டு வாயில் வைத்துப் பார்த்து, "ஒன் இட்லி இதவிடக் கல்லா இருக்கும்" என்றார். எனக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது. என் இட்லியை நினைவு வைத்திருக்கிறாரே. நேற்று குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனவள், குளிக்கிறதை விட்டுவிட்டு முன் அறைக் கட்டிலைக் காற்றோட்டமாக ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன், துவைத்த விரிப்பு விரித்தேன், பாத்ரூமில் உட்கார்ந்து குளிக்கப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கிவைத்தேன். கடைக்காரர், "வீட்ல பெரியவங்க இருக்காங்களா டீச்சர்?" என்று கேட்டதற்கு ஆமாம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கூடவே பயம். வந்தால் என்ன பேசுவது. நான் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவளாக ஆகிவிட்டேன், அவருக்கு வெளிச்சம் இருந்தால் தூக்கம் வராது. நான் சமைப்பதே ஒரு வேளை, மற்ற வேளைக்கு அதையேதான் சுடவைப்பது. இதெல்லாம் பெரிய காரியமா, இல்லை, ஆனால் மனது இந்தச் சின்ன விஷயங்களுக்குள்தான் போய்ப் போய் ஒளிந்துகொள்கிறது. காலையில் டாக்டர் என்ன சொன்னார், என் காது கேட்கத்தானே சொன்னார். "ஊர் எது உங்களுக்கு? உடனே ரொம்ப தூரம் ட்ராவல் பண்ண வேண்டாம், பக்கத்துல சொந்தக்காரங்க யாராவது இருந்தா கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க" என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது, பார்த்தாரா, டாக்டர் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாரா. பிறகு, "தூத்துக்குடிதான் சார், கார் வருது, பையப் போயிருவேன்" என்றார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் புஷ்பலீலா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன. என்ன வார்த்தை என்றுதான் அப்போதிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்கு வாங்க என்று சொல்லலாமா. அது விருந்தாளிக்குச் சொல்கிறது. கட்டின புருஷனை எந்தப் பெண்டாட்டியாவது என் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாளா. நம்ம வீட்டுக்குப் போவோம் என்றால், நம்ம வீடு எது, அவர் வரத்து நின்ற பிறகு நான் குடிமாறின, அவர் ஒரு நாள்கூடப் படுத்து எழும்பாத வாடகை வீடு எப்படி நம்ம வீடாகும். நானும் உங்ககூட தூத்துக்குடிக்கு வாரேன் என்றால், அது அவர் கேட்காமல் நான் போய் ஒட்டிக்கொள்கிறது. ஊரெல்லாம் சொல்லுக்குச் சொல் ஜோடி சேர்த்துக் கொடுக்கிறவளுக்கு இந்த ஒரு வாக்கியம் அமையமாட்டேன் என்கிறது.

அவர் பேப்பரை மடிக்கிறார். மறுபடி பிரிக்கிறார், வாசித்து முடித்த பக்கத்தையே வாசிக்கிறார். நான் வலது பக்கப் பத்தியில் ஒன்றை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். "என்னத்த அப்படி எழுதுத?" என்று கேட்டார். வகுப்புக்கு என்றேன். "ம்" என்றார். பிறகு பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டே, "ஒனக்கு லீவு இன்னும் இருக்கோ?" என்றார். "இன்னைக்கோட முடியுது, நாளைக்கு ஸ்கூலுக்குப் போவணும்" என்றேன். "ம். போவணும்லா" என்றார். அதோடு முடிந்தது. நான் பேனாவைத் திருகிக்கொண்டு, டிலேய்ட் என்பதற்கு நேரே ஒரு உதாரண வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன், பாதி வாக்கியத்தில்தான் உறைத்தது. அவர் கேட்டது லீவைப் பற்றியா? லீவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் அவருக்கு என்ன? அவர் கேட்டுவிட்டார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம், பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவருக்குத் தெரிந்த பாஷையில் கேட்டுவிட்டார், நான் ஹெட்மாஸ்டருக்குப் பதில் சொல்கிற மாதிரி சரியான பதிலைச் சொல்லியிருக்கிறேன். மெடிக்கல் லீவு சேர்ந்து கிடக்கிறது, எடுக்க நாதியில்லாமல் கிடக்கிறது. இப்போது சொல்லலாம். லீவு போட்டுக்கிடலாம், அது ஒண்ணும் பெரிசில்ல என்று இப்போதே சொல்லலாம். ஆனால் அவர் ஒருவேளை வெறும் லீவைத்தான் கேட்டிருந்தால்? என்னால் இவளுக்கு எத்தனை நாள் கெட்டுப்போச்சு என்று மரியாதைக்குக் கேட்டிருந்தால்? அப்போது என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன். இல்லை, கேட்டார். இல்லை. சொல்லிவிடுவோம் என்று தொண்டையைக் கனைத்தேன், அவர் நிமிர்ந்து பார்த்தார், நிஜமாகவே பார்த்தார், "பக்கத்துலதான..." என்று நான் ஆரம்பிக்கவும், பேச்சி அக்கா, "ஏ டீச்சர், ஒங்க ஆளு வந்துட்டாவ" என்று வாசலைக் காட்டவும் சரியாக இருந்தது. வேலாண்டி அண்ணாச்சி கையில் கார்ச் சாவியோடும் சீல் போட்ட பில்லோடும் உள்ளே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. சாயங்காலம் என்று எல்லோரும் சொன்னார்களே, மத்தியானச் சாப்பாடுகூட வரவில்லை. "நம்ம பய ஒருத்தன் பில்லிங்ல இருக்கான் தங்கச்சி, ஒரு சத்தம் குடுத்தேன், சட்டுனு முடிச்சிட்டான்" என்றார். நல்ல மனுஷர். அவரை அடிக்கலாம் போல இருந்தது. "என்னமோ சொல்ல வந்தியே?" என்று கட்டிலிலிருந்து அவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, காப்பி குடிக்கீங்களான்னு கேட்டேன்" என்றேன்.

அப்புறம் எல்லாம் ஓட்டம். ஜெனிட்டா சிஸ்டர் கையிலிருந்த ஊசிக்குழலைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து அமுக்கிப் பிடிக்கச் சொன்னாள், எந்த மாத்திரை எப்போது என்று என்னிடம்தான் சொன்னாள், நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன், நான்தான் கொடுக்கப் போகிறவள் மாதிரி. சக்கர நாற்காலி வந்தது. அவர் அறையை ஒரு சுற்று பார்த்தார், ஜன்னல், கட்டில், நான் படுத்துக்கிடந்த அந்தக் குறுகல் பெஞ்சு. பிறகு எல்லோரையும் பார்த்துக் கை கூப்பி, நல்ல சத்தமாக, "சரி சிஸ்டர், போயிட்டு வாரேன்" என்றார். பேச்சி அக்கா பதறிப்போய்விட்டாள். "ஏ அய்யா, ஆசுபத்திரில நின்னு அப்படிச் சொல்லப்பிடாது! மறுபடியும் இங்க வந்து படுக்கவா? போறேன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காமப் போங்க." ஜெனிட்டா சிரித்தாள், அண்ணாச்சி, "மாப்பிள்ளைக்கு இங்கன ரொம்பப் பிடிச்சிப்போச்சு போலுக்கு" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் சின்னப்பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமா... போறேன். போறேன்" என்று திருத்திச் சொன்னார். எனக்குத் தெரியும், பிடித்துத்தான் போயிருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்து லிப்டில் நின்றபோது அவருடைய உச்சந்தலை என் வயிற்றுக்கு நேரே இருந்தது, முடி கொட்டிப்போன வட்டம் தெரிந்தது, கை வைத்துவிடலாம் போல இருந்தது. வைக்கவில்லை. லிப்டில் ஆள் இருந்தார்கள்.

போர்ட்டிகோவில் கார் நின்றது. அண்ணாச்சி முன் சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து, அவரைப் பிடித்து உட்காரவைத்தார், நான் மருந்துப் பையைக் காலடியில் வைத்தேன். "நீயும் ஏறுதியா தங்கச்சி, வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றார் அண்ணாச்சி. வழியில் இறங்கிக்கொள்கிறவளாக அந்தக் காரில் ஏற எனக்கு மனசு வரவில்லை. "இல்ல அண்ணாச்சி, நீங்க போங்க, எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றேன். ஜெராக்ஸ். கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார், ஊசி பிடுங்கின தன் கையைப் பார்த்தார். மேலே பேச்சி அக்காவிடம் வாங்கின திட்டு இன்னும் காதில் இருந்தது போல, ஒரு நொடி யோசித்து, ஜாக்கிரதையாக, "சரி. போறேன்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுப் பெண்களிடம் அந்தச் சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போகிற ஆண்பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது, சந்தைக்குப் போகிறவன்கூடச் சொல்லமாட்டான், வாய்தவறிச் சொல்லிவிட்டால், என்ன பேச்சு இது, போயிட்டு வாரேன்னு சொல்லு என்று பெற்றவளோ கட்டினவளோ வாசலிலேயே பிடித்து நிறுத்துவாள். அது கட்டினவளுக்கு உள்ள உரிமை. அப்படிச் சொல்லி அவரை நிறுத்தியிருக்கலாம், ஒரே ஒரு அதட்டல், அதற்கு லீவும் வேண்டாம், வாக்கியமும் தேட வேண்டாம், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டிருப்பார். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் பேச்சைத் திருத்துகிறவள், "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மாத்திரை, வெறும் வயித்துல போட்டுராதீங்க" என்றேன். "ம்" என்றார். கார் கேட்டைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, தூத்துக்குடி ரோட்டில் ஏறியது. இந்த நேரத்தில் வெயில் கண்ணைக் கூசும் என்று கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு, கார் மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அழ வேண்டிய இடம் அது என்று தெரிந்தது, ஆனால் நடு ரோட்டில் எப்படி அழ. "யாரையும்மா பாக்கீங்க, ஆட்டோ வேணுமா?" என்றார் கேட்டில் நின்ற வாட்ச்மேன். "எங்க வீட்டுக்காரங்க" என்றேன். "ஊருக்குப் போறாங்க."